அடைப்புக்குறிக்குள் ஒரு வானிலை நிலையம்

மலையோரத்தில் நட்டிருந்த ஒரு வானிலைக் கருவியின் அளவுகளைச் சேகரிக்க நிரல் ஒன்று எழுதியிருந்தேன். ஒரு நாள் காலை திரையைப் பார்த்தால் காற்றின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் என்று இருந்தது. அந்த வேகத்தில் காற்று அடித்தால் கருவியும் மிஞ்சாது, அதைத் தாங்கும் கம்பமும் மிஞ்சாது. வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

பிழை என்னுடையது. காற்று என்பதை இரண்டே எண்களின் பட்டியலாக வைத்திருந்தேன்: முதலில் திசை, அடுத்தது வேகம். முந்தைய நாள் அதில் இன்னோர் எண் சேர்க்க வேண்டி வந்தது. தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அளந்தோம் என்பதும் தெரிந்தால்தான் ஓர் இடத்துக் காற்றை இன்னோர் இடத்துக் காற்றோடு ஒப்பிட முடியும். 10 மீட்டரில் அளப்பது உலக வழக்கம். அந்த 10-ஐப் பட்டியலின் தலையில் வைத்தேன். பட்டியலைப் படிக்கும் இடங்கள் நிரலில் நான்கு இருந்தன. மூன்றைத் திருத்தினேன், ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஓரிடம் பழைய வழக்கப்படியே முதல் எண்ணைத் திசை என்றும் இரண்டாம் எண்ணை வேகம் என்றும் எடுத்துக்கொண்டது. திசை 10, வேகம் 270. உண்மையில் 270 என்பது டிகிரி; மேற்கிலிருந்து காற்று வருகிறது என்று பொருள்.

தமிழில் மேற்குக் காற்றுக்குக் கோடை என்றே பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். பெயர் சொல்லி அழைத்தால் ஆள் மாறாது. வரிசை எண்ணைச் சொல்லி அழைத்தால், நடுவில் ஒருவர் புகுந்ததும் எல்லாரும் ஓரிடம் தள்ளிப் போய்விடுகிறார்கள். என் நிரலில் நடந்தது அதுதான்.

பெயர் வைப்பது எளிது என்று தோன்றும். ஆனால் தரவு ஒரே தட்டில் கிடப்பதில்லை. ஒரு வானிலை நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் உண்டு, இடம் உண்டு, அன்றைய பதிவு உண்டு. இடம் என்பதற்குள் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம். பதிவு என்பதற்குள் நேரம், மழை, காற்று. காற்றுக்குள் இன்னும் மூன்று. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கிண்ணங்கள் இருப்பதுபோல, இங்கே கிண்ணத்தைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. அடுக்கடுக்கான இந்த வடிவத்தை நிரலுக்கு எப்படிச் சொல்வது?

பெரும்பாலான மொழிகளில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக வரையறுக்க வேண்டும். காற்றுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, நிலையத்துக்கு ஒன்று. எது எதற்குள் இருக்கிறது என்பது நான்கு துண்டுகளாகச் சிதறிப்போகும். படிப்பவர்தான் மனத்துக்குள் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் விரும்பியதோ, தாளில் எழுதிப் பார்க்கும் அதே உருவத்தில் நிரலிலும் எழுத வேண்டும் என்பது:

(கட்டு நிலையம்
  பெயர்
  (இடம் அட்சம் தீர்க்கம் உயரம்)
  (பதிவு
    நேரம்
    மழை
    (காற்று உயரம் திசை வேகம்)))

பார்த்த மாத்திரத்தில் எதற்குள் எது என்று தெரிகிறது. ‘கட்டு’ என்று ஒரு கட்டளை எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. லிஸ்ப் மொழியில் அதை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்கான கருவிதான் மேக்ரோ.

மேக்ரோ என்றதும் பலருக்கு எக்செல்லில் பதிவு செய்து ஓட்டும் மேக்ரோ நினைவுக்கு வரும். இது வேறு. ஃபங்ஷன் என்பதை முறுக்கு உரல் என்று வைத்துக்கொள்வோம்: மாவைப் போட்டு அழுத்தினால் முறுக்கு வருகிறது. மேக்ரோ என்பது அந்த உரலுக்கு அச்சுத் தகடு துளைத்துக் கொடுக்கும் பட்டறை. பட்டறைக்கு மாவு வருவதில்லை. என்ன மாவு, எப்போது பிசைவார்கள் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்குத் தெரிந்தது துளையின் வடிவம் மட்டும். அதேபோல, நிரல் ஓடும்போது வரப்போகும் எண்களை மேக்ரோ பார்ப்பதே இல்லை. நிரல் கம்பைல் ஆகும்போதே, நாம் எழுதிய வரிகளை வாங்கி, அவற்றை வேறு வரிகளாக மாற்றிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது.

நிரலை வாங்கி நிரலைத் தரும் நிரல் என்பது கேட்கச் சுற்றலாக இருக்கிறது. லிஸ்ப்பில் அது ஏன் இயல்பாக நடக்கிறது என்பதற்கு அந்த மொழி பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

1958-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி இந்த மொழியைத் தொடங்கினார். அப்போது கையில் இருந்தது ஐபிஎம் 704 என்ற கணினி. அதன் நினைவகத்தில் ஒரு சொல்லுக்கு 36 பிட். அந்த 36-க்குள் 15 பிட் அளவில் இரண்டு பகுதிகளைத் தனித்தனியாக எடுக்க வசதி இருந்தது. நினைவகத்தின் ஒரு முகவரிக்கும் 15 பிட் போதும். ஆக, ஒரே சொல்லுக்குள் இரண்டு முகவரிகளை வைக்கலாம். ஒன்று ‘இங்கே இருப்பது’ எதுவென்று காட்டும், மற்றொன்று ‘மீதி எங்கே’ என்று காட்டும். இந்த இரட்டைக் கண்ணிகளைக் கோத்தால் பட்டியல். ‘இங்கே இருப்பது’ என்ற கண்ணியே இன்னொரு பட்டியலைக் காட்டினால், பட்டியலுக்குள் பட்டியல். அடுக்கு எத்தனை ஆழமானாலும் அடிப்படை இந்த ஒரு கண்ணிதான். அந்த இரு பகுதிகளை எடுக்கும் ‘கார்’, ‘குடர்’ என்ற கட்டளைகளின் பெயர்கள் ஐபிஎம் 704-இன் உறுப்புகளிலிருந்து வந்தவை. கணினி அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் பெயர்கள் லிஸ்ப்பில் இன்றும் புழங்குகின்றன.

1960-இல் மெக்கார்த்தி வெளியிட்ட கட்டுரையில், லிஸ்ப் நிரலையே இப்படிப்பட்ட பட்டியலாக எழுதிக் காட்டி, அந்தப் பட்டியலைப் படித்து மதிப்பிடும் ஒரு ஃபங்ஷனையும் லிஸ்ப்பிலேயே வரையறுத்தார். அவருக்கு அது கணிதவியல் விளக்கம் மட்டுமே. அவரோடு இருந்த ஸ்டீவ் ரஸல், இதைக் கணினியிலேயே ஓட்டலாமே என்று கண்டு, கையாலேயே இயந்திர மொழிக்கு மாற்றி ஓடவும் வைத்தார். மனிதர்கள் எழுதுவதற்கென்று வேறோர் எழுத்துமுறையை மெக்கார்த்தி மனத்தில் வைத்திருந்தார். ஆனால் நிரலர்கள் அடைப்புக்குறிகளுக்குப் பழகிவிட்டார்கள், அந்த இன்னொரு முறை நிலைக்கவே இல்லை. அடைப்புக்குறிகள் கண்ணை உறுத்துகின்றன என்று இன்றும் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. நிரலும் தரவும் ஒரே உருவத்தில் இருப்பதால்தான் நிரலையே தரவாக வாங்கி அறுத்து ஒட்ட முடிகிறது. 1963-இல் அதே கழகத்தில் டிமோத்தி ஹார்ட் சிறு குறிப்பு ஒன்று எழுதி லிஸ்ப்புக்குள் மேக்ரோவைக் கொண்டுவந்தார். புதிதாகப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலைக் கையாள ஏற்கெனவே இருந்த கட்டளைகளே போதுமானவையாக இருந்தன.

இனி நம் ‘கட்டு’. லிஸ்ப்பின் மூலக் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பவை. இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். உண்மையிலேயே அப்படி எழுதவும் முடியும். லிஸ்ப்பின் ஒரு கிளையான காமன் லிஸ்ப்பின் இன்றைய கம்பைலர்கள் பல தமிழ் எழுத்தில் பெயர் வைக்க விடுகின்றன. மூலக் கட்டளைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டவும் ஒரு மேக்ரோ போதும்.

(மேக்ரோ கட்டு (பெயர் . பகுதிகள்)
  `(தொகுப்பு
     ,@(உள்ளடுக்குகள் பகுதிகள்)
     (அமைப்பு ,பெயர் ,@(பெயர்கள் பகுதிகள்))))

முழு மேக்ரோவும் இந்த நான்கு வரிதான். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறியைக் கவனியுங்கள். ‘இதற்குப் பின் வருவதை அப்படியே எழுது, செய்து பார்க்காதே’ என்று அது சொல்கிறது. அச்சடித்த விண்ணப்பப் படிவம் போல. படிவத்தில் புள்ளிக்கோடு போட்டு ‘பெயர்’ என்று இடம் விட்டிருப்பார்களே, அந்த வெற்றிடம்தான் காற்புள்ளி. ‘,பெயர்’ என்றால், இங்கே பெயர் என்ற சொல்லை எழுதாதே, பெயராக வந்ததை நிரப்பு என்று பொருள். ‘,@’ என்பது ஒரு பட்டியலை வாங்கி, அதன் அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் வரிசையாகக் கொட்டும். இந்த அரை மேற்கோள் முறையின் வேர் கணினிக்கு வெளியே இருக்கிறது: தர்க்கவியலர் குவைன் 1940-இல் தம் கணித தர்க்க நூலில் இதைப் போன்ற ஒன்றைப் பயன்படுத்தினார்.

மீதி இரண்டும் சிறு ஃபங்ஷன்கள். ‘உள்ளடுக்குகள்’ என்பது பகுதிகளில் எவையெல்லாம் பட்டியலோ அவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ‘கட்டு’ என்ற சொல்லை வைக்கிறது. ‘பெயர்கள்’ என்பது ஒவ்வொரு பகுதிக்கும் பெயரை மட்டும் தருகிறது: சொல்லாக இருந்தால் அதையே, பட்டியலாக இருந்தால் அதன் முதற்சொல்லை. ‘தொகுப்பு’ என்பது பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது. ‘அமைப்பு’ என்பது காமன் லிஸ்ப்பில் ஏற்கெனவே உள்ளது. ஒரே தட்டில் உள்ள கட்டமைப்பை வரையறுக்கும். அதுவும் ஒரு மேக்ரோதான்.

நிலையத்தை இதனிடம் கொடுத்து ஒரே ஒரு படி மட்டும் விரிக்கச் சொன்னால் வருவது இது:

(தொகுப்பு
  (கட்டு இடம் அட்சம் தீர்க்கம் உயரம்)
  (கட்டு பதிவு நேரம் மழை
    (காற்று உயரம் திசை வேகம்))
  (அமைப்பு நிலையம் பெயர் இடம் பதிவு))

நிலையம் மூன்று பகுதி கொண்ட எளிய அமைப்பாகிவிட்டது. உள்ளே இரண்டு ‘கட்டு’ மிச்சம். கம்பைலர் விடாது, விரித்ததற்குள் மேக்ரோ இருந்தால் அதையும் விரிக்கும். இடத்துக்குள் பட்டியல் ஏதும் இல்லை, அதனால் அது நேராக ஓர் அமைப்பாகும். பதிவுக்குள் காற்று இருக்கிறது, அங்கே இன்னொரு படி. கடைசியில் இடம், காற்று, பதிவு, நிலையம் என்று நான்கு அமைப்புகள். உள்ளே இருப்பது முன்னால், வெளியே இருப்பது பின்னால். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போகாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு படியிலும் மேக்ரோ தன்னிடம் வந்த பட்டியலைவிடச் சிறிய ஒன்றைத்தான் மறுபடி தன்னிடம் அனுப்புகிறது. எழுதிய அடைப்புக்குறிகள் தீரும்போது வேலையும் தீர்ந்துவிடும்.

காமன் லிஸ்ப்பின் ‘அமைப்பு’ ஒவ்வொன்றும் நமக்காகச் சில ஃபங்ஷன்களை எழுதிக் கொடுக்கிறது: புதிதாக ஒன்றை ஆக்க, நகலெடுக்க, இது அந்த வகைதானா என்று கேட்க, பிறகு ஒவ்வொரு பகுதியையும் பெயர் சொல்லி எடுக்க. நம் நான்கு அமைப்புகளிலும் மூன்று மூன்று பகுதிகள். கூட்டினால் 24 ஃபங்ஷன்கள். நாம் எழுதியது ஏழு வரி. ‘உயரம்’ என்ற பெயர் இரண்டு முறை வந்தது நினைவிருக்கும்: ஒன்று கடல் மட்டத்திலிருந்து, மற்றொன்று தரையிலிருந்து. முன்னால் அமைப்பின் பெயர் ஒட்டிக்கொள்வதால் ஒன்று ‘இடம்-உயரம்’, இன்னொன்று ‘காற்று-உயரம்’. மோதல் இல்லை.

படிப்பதில்தான் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. நி என்ற நிலையத்தில் காற்றின் வேகம் வேண்டும் என்றால்:

(காற்று-வேகம் (பதிவு-காற்று (நிலையம்-பதிவு நி)))

கடைசியில் இருப்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு இது அவ்வளவு உறுத்தாது. அவர்கள் மொழியிலும் வேகம் முதலில் வந்து நிலையம் கடைசியில் வரும். நாம் சொல்வது நேர் எதிர்: நிலையத்தின் பதிவில் காற்றின் வேகம். பெரியதிலிருந்து சிறியதற்கு, வாசலிலிருந்து உள்ளறைக்கு. நம் வரிசையிலேயே எழுத ஒரு சின்ன மேக்ரோ போட்டேன்:

(எடு நி நிலையம் பதிவு காற்று வேகம்)

இது விரிந்தால் மேலே உள்ள பின்னல்தான் அப்படியே கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டிரண்டு சொற்களை ஒட்டி ஒரு பெயராக்குவதும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதும்தான் அதன் வேலை. 2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழியில் அம்புக்குறி போன்ற ஒரு மேக்ரோ உண்டு. அதுவும் இப்படி உள்ளிருந்து வெளியே போகும் பின்னலை இடமிருந்து வலமாக நேராக்குகிறது. ஆக இது தமிழர் தேவை மட்டும் இல்லை. ஆனாலும் நிரலின் சொல்வரிசையை என் வாய்மொழியின் சொல்வரிசையாக மாற்றிக்கொள்ள முடிந்த அந்த மாலை எனக்கு மறக்கவில்லை.

அதைவிட வியப்பான ஒன்று அடுத்து நடந்தது. காமன் லிஸ்ப்பில் ஓரிடத்தில் மதிப்பை வைக்க ‘செட்எஃப்’ என்ற கட்டளை இருக்கிறது, அதுவும் மேக்ரோ. எடுக்கும் வழியைச் சொன்னால் போதும், வைக்கும் வழியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதனிடம் என் ‘எடு’வைக் கொடுத்து 8 என்ற எண்ணை வை என்றேன். ‘எடு’ என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆனால் அது ஒரு மேக்ரோ என்று கண்டதும் முதலில் விரித்துப் பார்த்தது. விரித்ததில் தனக்குத் தெரிந்த ‘காற்று-வேகம்’ இருந்தது. அங்கே கொண்டுபோய் 8-ஐ வைத்தது. எழுதுவதற்கென்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

இதே வேலையை சி மொழியின் மேக்ரோவில் செய்ய முடியுமா? அங்கே மேக்ரோ பார்ப்பது எழுத்துகளை, அடுக்கை அல்ல. வர்க்கம்(எ) என்பதற்கு எ * எ என்று எழுதிவைத்து, வர்க்கம்(2 + 3) என்று கேட்டால், எழுத்துக்கு எழுத்து நிரப்பி 2 + 3 * 2 + 3 ஆக்கிவிடும். பெருக்கல் முந்திக்கொள்ள, விடை 25-க்குப் பதில் 11. லிஸ்ப்பில் (+ 2 3) என்பது அடைப்புக்குறியோடு ஒரே கட்டியாக வந்து சேர்வதால் இந்தச் சிதைவு நேராது. தவிர, ஒரு மேக்ரோ விரியும்போது அதற்குள் தன் பெயரே வந்தால் மறுபடி விரிக்கக் கூடாது என்பது சி மொழியின் விதி. ‘கட்டு’க்குள் ‘கட்டு’ வந்துதானே நம் அடுக்கு உருவானது? அந்தக் கதவு சி மொழியில் அடைபட்டிருக்கிறது. சுற்றுவழிகள் உண்டு, அவற்றைப் படிக்கப் பொறுமை வேண்டும்.

புதிய மொழிகள் சில லிஸ்ப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. ரஸ்ட் மொழியின் மேக்ரோ அடைப்புக்குறிகள் சரியாக மூடிய கட்டிகளை வாங்குகிறது. ஜேசன் என்ற வடிவிலான தரவை அடுக்கோடு அப்படியே நிரலுக்குள் எழுத அங்கே பலர் மேக்ரோவைத்தான் பயன்படுத்துகிறார்கள். எலிக்சிர் மொழியின் எக்டோ என்ற தரவுத்தள நூலகத்தில், ஓர் அமைப்பை வரையறுக்கும்போதே அதன் உள்ளமைப்பையும் உள்ளேயே எழுதலாம். நம் ‘கட்டு’ செய்ததைப் போலவே மேக்ரோ அதைத் தனி அமைப்பாகப் பிரித்து வைக்கிறது.

மேக்ரோ தரும் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு, சிறியதும் அல்ல. ‘காற்று-வேகம்’ என்ற பெயரை நான் எந்தக் கோப்பிலும் வரையறுத்து எழுதவில்லை. அதை உண்டாக்கியது மேக்ரோ. என் நிரலைப் புதிதாகப் படிக்க வருபவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது எங்கே வரையறுக்கப்பட்டது என்று கோப்பு கோப்பாகத் தேடினால் கிடைக்காது. லிஸ்ப்பின் கிளையான ஸ்கீம் மொழியைச் சேர்ந்தவர்கள் மேக்ரோ பெயர்களில் தலையிடுவதைப் பெரிய குறையாகவே எடுத்துக்கொண்டார்கள். மேக்ரோ தனக்காக வைத்துக்கொள்ளும் பெயர்களும் நிரலர் வைத்த பெயர்களும் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் முறையை 1986-இல் கோல்பெக்கர், ஃப்ரீட்மன், ஃபெல்லைசன், டூபா நால்வரும் முன்வைத்தார்கள். ஸ்கீமில் பின்னாளில் தரநிலையாக ஏற்கப்பட்ட மேக்ரோ முறையில் இரண்டு சொற்களை ஒட்டிப் புதுப்பெயர் ஆக்கவே முடியாது. அதனால் 1999-இல் ஸ்கீமுக்கு வந்த கட்டமைப்பு வரையறையில் ஒவ்வொரு பகுதியையும் எடுக்கும் ஃபங்ஷனின் பெயரை நிரலரே முழுதாக எழுத வேண்டும். விரல் வலிக்கும், ஆனால் தேடினால் கிடைக்கும்.

நான் இன்னும் காமன் லிஸ்ப் பக்கம்தான். ஆனால் அவர்கள் சொன்னதை மதித்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: உள்ளடுக்கு அந்த ஓர் அமைப்புக்கு மட்டுமே சொந்தமாக இருந்தால்தான் உள்ளே எழுதுவேன். ‘இடம்’ என்பது நிலையத்துக்கும் வேண்டும், நாளைக்கு ஓர் அணைக்கும் வேண்டும் என்றால் வெளியே எடுத்துத் தனியாக வரையறுத்துவிடுவேன். இல்லாவிட்டால் ‘இடம்’ இரண்டு கோப்புகளில் இரண்டு வடிவில் வரையறுக்கப்பட்டு, எது நிலைக்கும் என்றே சொல்ல முடியாமல் போகும். இன்னொன்று, ‘உள்ளடுக்குகள்’, ‘பெயர்கள்’ இரண்டும் கம்பைல் நேரத்திலேயே தயாராக இருக்க வேண்டிய ஃபங்ஷன்கள்; பட்டறையின் கருவி பட்டறை திறக்கும் முன்பே வந்திருக்க வேண்டும். புதிதாக மேக்ரோ எழுதுபவர்கள் முதல் வாரத்தில் இங்கேதான் இடறுகிறார்கள்.

சென்ற மாதம் கருவியில் ஈரப்பதம் அளக்கும் பாகம் ஒன்று சேர்ந்தது. ‘மழை’ என்ற வரிக்கு மேலே ‘ஈரப்பதம்’ என்று ஒரு சொல் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்தேன். ‘பதிவு-ஈரப்பதம்’ என்ற ஃபங்ஷன் தானாக வந்தது. பதிவின் நடுவில் ஒருவர் புகுந்திருக்கிறார்; படிக்கும் இடங்கள் எதையும் நான் தொடவில்லை. அன்று மாலை திரையில் இருந்தது: திசை 270, வேகம் 8.